மூடிய கடையின் சாவி யாரிடம் இருக்கிறது? – பிரிட்டனின் கடைவீதிகளும் கவுன்சில்களும்

வட இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்திவரும் அன்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருடைய கடைவீதியில் மூன்றில் ஒரு கடை மூடிக்கிடக்கிறது. ஒரு காலத்தில் வூல்வொர்த்ஸ் என்ற கடைத்தொடர் இருந்த பெரிய கட்டடத்தின் கண்ணாடிகளுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். கூரை ஒழுகி, கூரையோரத்தில் செடி முளைத்து நிற்கிறது. மாலை ஐந்து மணிக்குமேல் தெருவில் நடமாட்டமே இல்லை. உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலில் முறையிட்டால், "அவை தனியார் கட்டடங்கள், நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வருகிறதாம். இது உண்மையா, உள்ளூர்க் கவுன்சிலால் ஒரு கடைவீதியை மீட்க முடியுமா என்று அவர் கேட்கிறார்.

பாதிதான் உண்மை. மூடிப்போன கடைத்தொடர்களைத் திரும்ப அழைத்துவர எந்தக் கவுன்சிலாலும் முடியாது. அந்த முயற்சியில் பணத்தைச் செலவழிப்பது வீண். ஆனால் தெருவில் இருக்கும் கட்டடங்கள் எதற்குப் பயன்பட வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும், எவ்வளவு காலம் பூட்டிக்கிடக்கலாம் என்பவற்றில் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்கும்போதுதான் "ஒன்றுமில்லை" என்ற பதில் வருகிறது. நகரத் திட்டமிடல் துறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், நான் கண்டவரை, கடைவீதி மீட்பின் முடிச்சு கட்டட உரிமையில்தான் இருக்கிறது. பூச்சட்டி, விளக்கு, பதாகை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. நான் இங்கே சொல்லும் சட்ட விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

நோய் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இணைய வணிகம் ஒன்றையே காரணமாகக் காட்டுகிறார்கள். கடைவீதிகளின் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1986-இல் கேட்ஸ்ஹெட்டில் மெட்ரோசென்டர், 1990-இல் ஷெஃபீல்டில் மெடோஹால், 1998-இல் மான்செஸ்டர் அருகே டிராஃபோர்ட் சென்டர் என்று நகரங்களுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரங்களில், ஆயிரக்கணக்கான கார்களை நிறுத்தும் வசதியோடு பேரங்காடிகள் எழுந்தன. 1990-களில் 'நகர மையத்துக்கே முதலிடம்' என்ற திட்டமிடல் கொள்கையை அரசு கொண்டுவந்தபோது, சேதத்தில் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. அதன்மேல்தான் இணையம் வந்து விழுந்தது. 2006-இல் சில்லறை விற்பனையில் ஏறத்தாழ 3 விழுக்காடாக இருந்த இணையத்தின் பங்கு, இப்போது கால்பங்கைத் தாண்டிவிட்டது. 2009 ஜனவரிக்குள் வூல்வொர்த்ஸின் 800-க்கும் மேற்பட்ட கடைகளும், 2016-இல் பிஎச்எஸ், 2021-இல் டெபனம்ஸ் ஆகிய பேரங்காடித் தொடர்களும் மூடப்பட்டன. இவை ஒவ்வொன்றும் ஊர் நடுவில் இருந்த மிகப் பெரிய கட்டடத்தைக் காலியாக்கிவிட்டுப் போயின. ஆகவே இன்று நம்மிடம் இருப்பது தேவைக்கு மிஞ்சிய கடைப்பரப்பு. அத்தனை கடைகளையும் கடைகளாகவே நிரப்பிவிடலாம் என்று எண்ணித் தீட்டும் திட்டம் எதுவும் தேறாது.

இனி உரிமையாளர் பிரச்சினைக்கு வருகிறேன். உங்கள் தெருவில் பூட்டிக்கிடக்கும் கட்டடம் யாருடையது என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் ஊரில் எவருக்கும் தெரியாது. அது ஓர் ஓய்வூதிய நிதியத்தின் சொத்தாக இருக்கலாம். ஜெர்சித் தீவில் பதிவான நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம். அல்லது தாத்தா வாங்கிப்போட்டதைப் பங்கு பிரிக்க முடியாமல் பேரப்பிள்ளைகள் வைத்திருப்பதாகவும் இருக்கலாம். அவர்கள் ஏன் குறைந்த வாடகைக்காவது விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பேராசை மட்டும் காரணம் இல்லை. வணிகக் கட்டடத்தின் மதிப்பு அதிலிருந்து வரக்கூடிய வாடகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 60,000 பவுண்டு வாடகை என்ற கணக்கில் மதிப்பிட்டு வங்கிக் கடன் வாங்கிய ஒருவர், அதை 20,000 பவுண்டுக்கு விட்டால் கட்டடத்தின் மதிப்பு காகிதத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மீறியவராகவும் ஆகிவிடுவார். காலியாக இருக்கும்வரை, பழைய வாடகை என்றாவது வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

காலிக் கட்டடத்துக்கும் வரி உண்டே என்று கேட்கலாம். உண்டு. பிசினஸ் ரேட்ஸ் எனப்படும் வணிகக் கட்டட வரியில், கடை காலியான முதல் 3 மாதத்துக்கு விலக்கு. அதன்பின் முழு வரி கட்ட வேண்டும். ஆனால் கட்டடத்தில் சில பெட்டிகளை அடுக்கிவைத்து 6 வாரம் 'பயன்பாட்டில் இருந்தது' என்று காட்டிவிட்டு, மறுபடியும் 3 மாத விலக்கைப் பெறும் தந்திரம் பல ஆண்டுகளாக நடந்துவந்தது. 2024 ஏப்ரலில் அந்த 6 வாரத்தை 13 வாரமாக அரசு உயர்த்தியதால் தந்திரம் கடினமாகியிருக்கிறது, முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வரி அலுவலகத்தில் இருக்கும் விவரத்தைத் திட்டமிடல் பிரிவோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் கவுன்சிலுக்கு இந்தக் கட்டடங்கள் எவை என்பது எளிதில் தெரியும். பல கவுன்சில்களில் இந்த இரண்டு பிரிவுகளும் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. ஒரே கட்டடத்தின் அடுத்தடுத்த மாடிகளில் இருந்தாலும்கூட.

எனவே, கவுன்சில் செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் பெரிய செலவு கிடையாது. கடைவீதியின் ஒவ்வொரு கதவிலக்கத்துக்கும் நிலப் பதிவேட்டிலிருந்து உரிமையாளர் பெயரை எடுத்து, குத்தகை எப்போது முடிகிறது, மாடியில் என்ன இருக்கிறது, வரி யார் கட்டுகிறார் என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒரு பதிவுப் பிரதிக்குச் சில பவுண்டுதான் கட்டணம். பிறகு ஓர் அலுவலர் உட்கார்ந்து ஒவ்வோர் உரிமையாளரையும் தேடிப் பேச வேண்டும். கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும் இந்த வேலை, என் அனுபவத்தில், ஒரு மில்லியன் பவுண்டு செலவில் நடைபாதைக் கல் மாற்றுவதைவிட அதிகப் பலன் தந்திருக்கிறது. உரிமையாளர்களில் சிலர் தம் கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே அறியாதவர்கள். கவுன்சிலிலிருந்து ஒருவர் பெயர் சொல்லி அழைத்துப் பேசியதும் விற்கவோ வாடகைக்கு விடவோ இறங்கிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சுக்கு மசியாதவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 215-ஆம் பிரிவின்படி, சுற்றுப்புறத்தின் தோற்றத்தைக் கெடுக்கும் கட்டடத்தைச் சீர்படுத்துமாறு உரிமையாளருக்குக் கவுன்சில் அறிவிப்பு அனுப்பலாம். செய்யாவிட்டால் தானே செய்து செலவை வசூலிக்கலாம். உங்கள் ஊர் வூல்வொர்த்ஸ் கட்டடத்தின் ஒழுகும் கூரைக்கும் முளைத்த செடிக்கும் பொருத்தமான பிரிவு இதுதான். இதைப் பயன்படுத்த எந்த அமைச்சரின் அனுமதியும் வேண்டாம்.

அதைவிட வலுவான கருவி ஒன்று அண்மையில் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாகி, 2024 டிசம்பர் 2 முதல் நடைமுறைக்கு வந்துள்ள கடைவீதி வாடகை ஏலம் அது. கவுன்சில் தன் கடைவீதியை இதற்கென முறைப்படி அறிவித்துவிட்டால், அங்கே 365 நாள் தொடர்ந்து காலியாக இருந்த கடையை, அல்லது 24 மாதத்தில் மொத்தம் 366 நாள் காலியாக இருந்த கடையை, வாடகைக்கு ஏலம் விடலாம். முதலில் உரிமையாளருக்கு அறிவிப்புப் போகும். 8 வாரத்துக்குள் அவரே ஆள் பிடித்து வாடகைக்கு விட்டுவிட்டால் பிரச்சினை அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் இறுதி அறிவிப்பு, மேல்முறையீட்டு வாய்ப்பு, பிறகு ஏலம். அடிப்படை விலை என்று எதுவும் வைக்க முடியாது. 1 முதல் 5 ஆண்டு வரையான குத்தகை ஏலம் எடுத்தவருக்குக் கிடைக்கும். பூட்டி வைத்திருந்தால் மதிப்புக் குறையாது என்ற உரிமையாளரின் கணக்கை இந்தச் சட்டம் நேரடியாகத் தொடுகிறது என்பதால்தான் இதற்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். ஏலம் வரை போகாமலே, அறிவிப்பைப் பார்த்த உரிமையாளர் கடையைத் திறந்துவிட்டால் அதுவும் சட்டத்தின் வெற்றிதான். குறையும் இருக்கிறது. பல ஆண்டு பூட்டிக்கிடந்த கட்டடத்துக்கு மின் இணைப்பு, கூரை, தீயணைப்பு வசதி என்று செலவாகும்; ஓராண்டுக் குத்தகைக்காகச் சிறு வணிகர் அந்தச் செலவை ஏற்க மாட்டார். அந்த இடத்தில் கவுன்சில் ஒரு சிறு மானியமாவது தராவிட்டால் ஏலத்துக்கு ஆள் வராது.

சட்டத்தாலும் வசப்படாதபோது எஞ்சுவது விலைக்கு வாங்குவது. விற்க மறுத்தால் கட்டாயக் கையகப்படுத்தல். இங்கேதான் நல்ல உதாரணமும் அழிவுக்கு உதாரணமும் அருகருகே நிற்கின்றன.

டீஸ் நதிக்கரையில் உள்ள ஸ்டாக்டனை எடுத்துக்கொள்வோம். 1825-இல் டார்லிங்டனிலிருந்து உலகின் முதல் பொது நீராவி ரயில் வந்து சேர்ந்த ஊர் அது. 1827-இல் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் தீக்குச்சியை முதன்முதலாக விற்றதும் அந்த ஊர்க் கடைவீதியில்தான். மிக அகலமான அந்த வீதிக்கும் ஆற்றுக்கும் நடுவே 1970-களில் காசில்கேட் என்ற பெரிய அங்காடிக் கட்டடத்தை எழுப்பினார்கள். ஐம்பது ஆண்டுகள் வீதி ஆற்றைப் பார்க்கவே இல்லை. 2018-இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பெரிய கடை வெளியேறியபின் ஊர் சோர்ந்துபோனது. 2019-இல் கவுன்சில் காசில்கேட்டையும், வீதியின் மறுகோடியிலிருந்த வெலிங்டன் ஸ்கொயர் என்ற இன்னோர் அங்காடியையும் வாங்கியது. இரண்டையும் வாங்கியதில்தான் சூட்சுமம் இருக்கிறது: காசில்கேட்டில் எஞ்சியிருந்த வணிகர்களுக்கு வெலிங்டன் ஸ்கொயரில் இடம் கொடுத்துவிட்டு, காசில்கேட்டை முழுவதுமாக இடித்து, அந்த நிலத்தை ஆற்றங்கரைப் பூங்காவாக்கத் திட்டமிட்டார்கள். இடிப்பு 2022-இல் தொடங்கியது. கடைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல், வேண்டுமென்றே குறைத்த கவுன்சில் அது. கடைப்பரப்பு மிஞ்சிக்கிடக்கிறது என்று வாயளவில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கேற்ப ஒரு கட்டடத்தை இடிக்கும் துணிவு சிலருக்கே வருகிறது. இதற்குமுன் 2016-இல் ராச்டேல் கவுன்சில், நகர மையத்தில் காங்கிரீட்டால் மூடப்பட்டிருந்த ராச் நதியைத் திறந்து, அடியில் மறைந்திருந்த இடைக்காலப் பாலத்தையும் வெளிக்கொண்டுவந்தது. ஆற்றை மூடியவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் திறந்துவைத்ததாக எண்ணிப் பார்க்கையில் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஸ்டாக்டனிலும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. 1963 நவம்பர் 22 அன்று, ஜான் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட அதே நாளின் மாலையில், பீட்டில்ஸ் குழு பாடிய குளோப் அரங்கு 1990-களின் பிற்பகுதியிலிருந்து பூட்டிக்கிடந்தது. அதைப் புதுப்பிக்கக் கவுன்சில் இறங்கியபோது போட்ட முதல் மதிப்பீட்டைவிடச் செலவு பல மடங்கு ஏறி 25 மில்லியன் பவுண்டைத் தாண்டியது. பழைய கட்டடத்தின் சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அரங்கு 2021 செப்டம்பரில் திறந்தது. இப்போது மாலையில் தெருவுக்கு மக்கள் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செலவு நியாயமா என்று ஊரார் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சர்ரியில் உள்ள வோக்கிங் நிற்கிறது. அந்தக் கவுன்சில் நகர மையத்தில் விக்டோரியா ஸ்கொயர் என்ற அடுக்குமாடிக் கோபுரங்களும் கடைகளும் ஓட்டலும் கொண்ட பெருந்திட்டத்துக்காகக் கடன்மேல் கடன் வாங்கியது. 2023 ஜூனில், 1.2 பில்லியன் பவுண்டு பற்றாக்குறையை எதிர்நோக்குவதாகக் கூறி, புதிய செலவுகளை நிறுத்தும் 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. ஆண்டு வரவு சில கோடி பவுண்டுகளே உள்ள ஒரு சிறு கவுன்சில் அது. பொதுக் கழிப்பறையிலிருந்து முதியோர் சேவைவரை வெட்டு விழுந்தது. ஷ்ரூஸ்பரியில் மூன்று அங்காடிகளை 2018-இல் சுமார் 50 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய ஷ்ரொப்ஷயர் கவுன்சிலும், அவற்றின் மதிப்பு சில ஆண்டுகளில் கடுமையாகச் சரிந்ததைக் காண வேண்டியதாயிற்று. ஸ்டாக்டனுக்கும் வோக்கிங்குக்கும் உள்ள வேறுபாடாக நான் காண்பது இதைத்தான்: ஸ்டாக்டன், சந்தை மதிப்பு விழுந்தபின் இடிப்பதற்காக வாங்கியது, வோக்கிங், வருங்கால வாடகை கடனை அடைத்துவிடும் என்று நம்பிக் கட்டியது. வாடகை வருமானத்துக்காகக் கவுன்சில் அங்காடி வாங்குவதாக உங்கள் ஊரில் பேச்சு எழுந்தால், கூட்டத்துக்குப் போய் எதிர்த்துப் பேசுங்கள்.

பெருந்தொகை இல்லாமலும் ஒரு மையம் எழும் என்பதற்கு ஆல்ட்ரிங்கம் சான்று. மான்செஸ்டருக்குத் தெற்கே உள்ள அந்த ஊருக்குச் சந்தை நடத்தும் உரிமை 1290-இலேயே கிடைத்தது. அருகிலேயே டிராஃபோர்ட் சென்டர் வந்தபின் ஊர் வாடி, 2010 வாக்கில் நாட்டிலேயே அதிகக் காலிக் கடைகள் உள்ள மையங்களில் ஒன்றாகப் பெயரெடுத்தது. கவுன்சிலிடம் இருந்த ஒரே நல்ல சொத்து விக்டோரியா காலத்துச் சந்தைக் கட்டடம். அதைத் தானே நடத்தி நட்டப்படாமல், சந்தையை நடத்தத் தெரிந்த ஒரு தனியார் குழுவிடம் குத்தகைக்கு விட்டது. 2014-இல் சந்தை மாளிகை புதுப்பொலிவுடன் திறந்தது: நடுவில் நீண்ட மரமேசைகள், ஓரங்களில் சிறு சமையற்கூடங்கள், குழந்தைகளோடு வந்து மணிக்கணக்கில் உட்காரலாம். சுற்றியிருந்த காலிக் கடைகள் ஒவ்வொன்றாக நிரம்பின. 2018-இல் இங்கிலாந்தின் சிறந்த கடைவீதி என்ற விருது அந்த ஊருக்குக் கிடைத்தது. இதைக் கண்டு ஒவ்வொரு கவுன்சிலும் உணவுச் சந்தை திறக்கத் தொடங்கியதுதான் வருத்தம். ஆல்ட்ரிங்கத்தைச் சுற்றி நல்ல வருமானமுள்ள குடும்பங்கள் வாழ்கின்றன, டிராம் வருகிறது. அது இல்லாத ஊரில் பன்னிரண்டு பவுண்டு பீட்சாவை யார் வாங்குவார்கள்? 1249-இலிருந்து சந்தை நடக்கும் பார்ன்ஸ்லி வேறு வழியில் போனது. கவுன்சில் தன் பழைய வணிகர்களான இறைச்சிக்காரர், மீன்காரர், துணிக்காரர் எல்லோரையும் விடாமல் புதிய சந்தைக்குள் கொண்டுவந்தது. அருகிலேயே 2019-இல் நூலகத்தைத் திறந்தது. அதே அங்காடி வளாகத்துக்குள் 2022-இல் தேசிய சுகாதாரச் சேவையின் பரிசோதனை மையமும் வந்தது. எக்ஸ்ரே எடுக்கவும் இரத்தம் கொடுக்கவும் வருபவர் போகிற வழியில் மீன் வாங்கிக்கொண்டு போகிறார்.

இந்தக் கடைசிக் காட்சியில்தான் என் கருத்தில் கடைவீதிகளின் எதிர்காலம் இருக்கிறது. பொருள் வாங்குவதற்கு மட்டும் இனி யாரும் ஊர் மையத்துக்கு வரப்போவதில்லை. வேறொரு காரியமாக வருபவர்தான் பொருளும் வாங்குவார். ஆகவே தன் கையிலிருக்கும் நூலகம், பதிவாளர் அலுவலகம், முதியோர் கல்வி வகுப்பு, தன் ஊழியர்களின் அலுவலகம் ஆகியவற்றை எங்கே வைப்பது என்ற முடிவுதான் கவுன்சில் எடுக்கும் மிகப் பெரிய கடைவீதி முடிவு. நூலகத்தை மூடிவிட்டோ ஊருக்கு வெளியே மாற்றிவிட்டோ, கடைவீதிக்குத் தனியாக ஒரு மீட்புத் திட்டம் தீட்டுவது வலது கையால் கொடுத்து இடது கையால் பிடுங்குவதாகும். குளோஸ்டரில் பழைய டெபனம்ஸ் கட்டடத்தைப் பல்கலைக்கழகம் வாங்கி வளாகமாக்கியது. மாவட்ட நூலகமும் அங்கே சென்றது. காலியான பேரங்காடிக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தோன்றவில்லை.

குடியிருப்பும் வேண்டும். கடைகளின் மேல்மாடிகள் பெரும்பாலும் பாழாகவே கிடக்கின்றன. தனி வாசல் இல்லாததும் தீத்தடுப்பு விதிகளும் தடை. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2020 செப்டம்பரில் கடை, உணவகம், அலுவலகம், மருத்துவரின் கிளினிக், உடற்பயிற்சிக் கூடம் ஆகிய எல்லாவற்றையும் 'இ' என்ற ஒரே பயன்பாட்டு வகையில் சேர்த்தார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் 2021 ஆகஸ்ட் முதல் அவ்வகைக் கட்டடத்தை முழுத் திட்டமிடல் அனுமதி இல்லாமலே வீடாக மாற்றலாம் என்றும் விதி வந்தது. 2024 மார்ச்சில் அதிலிருந்த பரப்பளவு வரம்பையும், முன்கூட்டியே காலியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கிவிட்டார்கள். இதனால் கடைவரிசையின் நடுவே தரைத்தளத்தில் திரைச்சீலை போட்ட படுக்கையறை வந்துவிடுகிறது. வீதியில் பல் விழுந்ததுபோல ஓர் இடைவெளி. இதைத் தடுக்க, நான்காம் விதி ஆணை மூலம் மையமான சில தெருக்களில் அந்தச் சலுகையைக் கவுன்சில் திரும்பப் பெறலாம். உங்கள் கவுன்சில் அதைச் செய்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வரியைக் குறைக்கச் சொல்லிக் கவுன்சிலிடம் சண்டையிடும் வணிகர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டடத்தின் வரிமதிப்பை நிர்ணயிப்பது மத்திய அரசின் மதிப்பீட்டு அலுவலர்கள், வரி வீதத்தை நிர்ணயிப்பது நிதியமைச்சகம், கவுன்சில் வசூலிக்கிறது. வரிமதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருக்கும் ஒரே கடையை வைத்திருப்பவருக்கு முழு விலக்கு உண்டு. 15,000 வரை படிப்படியாகக் குறையும் சலுகை உண்டு. இது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், நம்மவர் கடைகளில் சிலர் பல ஆண்டுகள் தேவையில்லாமல் கட்டிவந்ததை நான் கண்டிருக்கிறேன். இதற்குமேல் தன் சொந்தச் செலவில் சலுகை தரக் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது, பணம்தான் இல்லை. 2010-க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் பெருமளவு குறைந்துவிட்டதும், முதியோர், குழந்தைகள் பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போவதும் எல்லோரும் அறிந்ததே.

வண்டி நிறுத்தக் கட்டணத்தைப் பற்றி எழும் கூச்சல் அளவுக்கு அதில் விஷயம் இல்லை என்பது என் கருத்து. 2006-இல் பிரிஸ்டலில் ஒரு கடைவீதியில் நடந்த ஆய்வில், வாடிக்கையாளர்களில் 41 விழுக்காட்டினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள்; வாடிக்கையாளர்களையே கேட்டுப்பார்த்ததில் காரில் வந்தவர்கள் 22 விழுக்காடுதான். நடந்து வருபவரையும் பஸ்ஸில் வருபவரையும் நாம் கண்ணாலே எண்ணத் தவறுகிறோம். கிராமப்புறச் சந்தை ஊர்களின் நிலை வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே பஸ்ஸே இல்லை.

மத்திய அரசின் நிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் சில்லறை வணிக ஆலோசகர் மேரி போர்டஸ் 28 பரிந்துரைகளோடு அறிக்கை அளித்தார்; மறு ஆண்டே சில ஊர்களைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். திருவிழாவும் பதாகையும் வந்தன. உரிமையாளர் பிரச்சினை அப்படியே இருந்தது. பல ஊர்களில் காலிக் கடைகள் குறையவில்லை. பிறகு வந்த கடைவீதி எதிர்கால நிதியில் 72 ஊர்களுக்குப் பணம் கிடைத்தது. ஸ்டாக்டனும் அதில் ஒன்று. இவை எல்லாமே கவுன்சில்களைப் போட்டிபோட வைத்துக் கொடுத்த நிதிகள். விண்ணப்பம் எழுதுவதற்கே ஆலோசனை நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, கிடைக்காமல் போன ஊர்கள் பல. திறமையாக விண்ணப்பம் எழுதும் ஊருக்கும் உதவி தேவைப்படும் ஊருக்கும் தொடர்பில்லை. நிலையான தொகை ஆண்டுதோறும் வரும் என்ற உறுதி இருந்தால்தான், முன்பு சொன்ன அந்த ஓர் அலுவலரைப் பத்தாண்டுக்கு வேலையில் வைத்திருக்க முடியும்.

வணிகர்கள் தாங்களே சேர்ந்து செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. வணிக மேம்பாட்டு வட்டாரம், சுருக்கமாக பிட் என்று அழைக்கப்படும் ஏற்பாடு அது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. லண்டனின் கிங்ஸ்டனில்தான் முதலில் தொடங்கியது. வட்டாரத்து வணிகர்கள் வாக்களித்து, எண்ணிக்கையிலும் வரிமதிப்பிலும் பெரும்பான்மை கிடைத்தால், எல்லோரும் ஒரு சிறு கூடுதல் கட்டணம் செலுத்தி, 5 ஆண்டுக்குத் துப்புரவு, காவல், விளம்பரம் ஆகியவற்றைத் தாங்களே நடத்தலாம். வலுவான நகரங்களில் நன்றாக நடக்கிறது. மூன்றில் ஒரு கடை மூடிய ஊரில் கட்டணம் கட்ட ஆள் இருக்காது என்பதால் உங்களுக்கு இதை முதல் மருந்தாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் நம்மவர்களிடம் சொல்ல விரும்புகிறேன். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வெம்ப்ளியின் ஈலிங் ரோட்டிலும் கடைவீதி உயிரோடு இருப்பதற்கு எந்தக் கவுன்சில் திட்டமும் முதற்காரணம் அல்ல. புடைவையும் நகையும் கறிவேப்பிலையும் வாங்கத் தொலைவிலிருந்தும் வரும் குடும்பங்களும், குறைந்த வாடகையில் நீண்ட நேரம் திறந்துவைக்கத் துணிந்த சிறு வணிகர்களும்தான் காரணம். மீட்புத் திட்டம் என்று வரும்போது முதலில் வாடகை ஏறி வெளியேற நேர்வதும் இவர்களுக்கே. ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும், இப்போதிருக்கும் வணிகர்களுக்கு இடிப்பின்போது மாற்றிடமும், திரும்பி வரும்போது தாங்கக்கூடிய வாடகையும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலந்தாய்வுக் கூட்டங்களுக்கு நம்மவர்கள் போவது குறைவு. கடையைப் பூட்டிவிட்டுப் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். இருவர் மூவராக முறைவைத்துப் போகலாம், எழுத்துமூலமும் கருத்துச் சொல்லலாம்.

உங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். உங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: கடைவீதியில் ஓராண்டுக்குமேல் காலியாக உள்ள கட்டடங்களின் பட்டியல் இருக்கிறதா, வாடகை ஏலத்துக்கு நம் வீதியை முறைப்படி அறிவித்துவிட்டார்களா, வூல்வொர்த்ஸ் கட்டடத்துக்கு 215-ஆம் பிரிவின் அறிவிப்பு ஏன் போகவில்லை, அடுத்த ஐந்தாண்டில் கவுன்சிலின் எந்தச் சேவை ஊர் மையத்துக்கு வரப்போகிறது, எது வெளியே போகப்போகிறது. பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்விகளைக் கவுன்சிலுக்கே அனுப்பலாம். 20 வேலை நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். அந்தக் கட்டடத்தின் நிலப் பதிவேட்டுப் பிரதியை மட்டும் அதற்குக் காத்திராமல் நீங்களே இன்று இரவு இணையத்தில் வாங்கிவிடுங்கள். யாரிடம் பேச வேண்டும் என்பது அதில் இருக்கும்.